ஒரு மழைக்காலம் குடியிருந்து பாருங்கள்

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவருக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். 2023 டிசம்பர் 6, புதன்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மிக்ஜாம் புயலின் மழை பிடித்துக்கொண்டது. திங்கள் விடியற்காலையில், குரோம்பேட்டையில் நாங்கள் வாங்கி மூன்றே மாதம் ஆன வீட்டின் மாடிக் கூடத்தில் ஏழு இடங்களில் சொட்டியது.

கரண்ட் இல்லை. என் கணவர் செல்போன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடிக்க, நான் ஸ்டூலில் ஏறி நின்று, கூரையில் ஈரம் பரவியிருந்த விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, உள்ளே தேதியும் நேரமும் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஈரம் வட்டத்தைத் தாண்டியிருந்தது. இன்னொரு வட்டம், இன்னொரு நேரம். இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் மேஸ்திரி. "எங்க ஒழுகுதுன்னு கேட்டா எல்லாரும் மேல கையக் காட்டுறாங்க மேடம். மழை விட்டா காஞ்சிடும், அப்புறம் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பென்சிலால எழுதி வைங்க."

புயல் இரண்டு வாரம் தள்ளி வந்திருந்தால், அந்த ஏழு வட்டங்களும் ஜிப்சம் பலகைக்கு மேலே மறைந்து போயிருக்கும். நடுவில் அழகான விளக்கு தொங்கியிருக்கும். அதைப் பார்த்து மயங்கி வாடகைக்கு வந்த குடும்பத்தின் கட்டில் மேல், அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஊறிப்போன பலகை விழுந்திருக்கும்.

முதல் சொத்தாக ஒரு பழைய வீட்டை வாங்கி, ஒரு பகுதியில் குடியிருந்து, பழுது பார்த்து, மறுபகுதியை வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் இன்று நிறைய பேர். என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த வீட்டில் வாழ்ந்து பார்க்காமல் பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள்.

கணக்கு எங்கே நிற்கிறது?

பதினான்கு வருஷம் வாடகை வீடுகளில் இருந்தவர்கள் நாங்கள். கடைசியாக இருந்த வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய். குரோம்பேட்டையில் பார்த்தது அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. கீழ்த்தளம் 1984-ல் கட்டியது, மாடி 1992-ல். பேசி முடித்த விலை 80 லட்சம்.

80 லட்சத்தில் வங்கி எவ்வளவு தரும்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவிகிதம் வரைதான் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. எங்களுக்கு 60 லட்சம் கிடைத்தது. ஆக, கையிலிருந்து 20 லட்சம். பலரும் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். பத்திரத்தில் எழுதும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு இந்த 9 சதவிகிதம். எங்களுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. புரோக்கர், வக்கீல், வங்கியின் நடைமுறைச் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 29 லட்சம் ரூபாய் வெளியே போன பிறகுதான் சாவி கைக்கு வந்தது. அதுவரை ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்கவில்லை.

60 லட்சத்துக்கு 8.5 சதவிகித வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். முழுக் காலமும் கட்டினால் வட்டி மட்டும் 65 லட்சம். மாடிக்கு வரக்கூடிய வாடகை 17,000. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் இந்தக் காரியத்தில் இறங்க மாட்டார்கள், இறங்கவும் கூடாது. மாடி, கீழ் இரண்டையும் வாடகைக்கு விட்டாலும் வருஷத்துக்கு 4 லட்சத்துச் சொச்சம்தான். போட்ட 80 லட்சத்துக்கு அது 5 சதவிகிதம். அடுக்குமாடி ஃப்ளாட்டாக இருந்தால் பெரும்பாலும் 3 சதவிகிதத்தைத் தாண்டாது. 8.5 சதவிகிதத்துக்குக் கடன் வாங்கி இதைச் சம்பாதிப்பது நஷ்டம்.

நாங்களே அங்கே குடியிருப்பதால்தான் கணக்கு நிற்கிறது. கட்டிக்கொண்டிருந்த 18,000 வாடகை மிச்சம். மாடி வாடகை 17,000 வரவு. 52,000-ல் 35,000 போனால் மாதம் 17,000 ரூபாய் நாங்கள் கூடுதலாகச் சுமக்க வேண்டும். இரண்டு சம்பளத்தில் அதைச் சுமக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். மாடி ஒரு வருஷம் காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா என்பதையும் அப்போதே போட்டுப் பார்த்தோம். மழையும் கோடையும் பார்க்கும் வரை பொறுக்க வேண்டும் என்றால் அந்த ஒரு வருஷ வாடகையை விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்? 2 லட்சம் ரூபாய் அது. கஷ்டம்தான். ஆனாலும் இந்த வீட்டுக்கு நாங்கள் செய்த செலவிலேயே மிகப் பிரயோஜனமானது அந்த 2 லட்சம்தான் என்று இன்று என்னால் சொல்ல முடியும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 சதவிகிதம் கழிவு உண்டு. பில் காட்ட வேண்டியதில்லை. மாடிக்கு உரிய பங்கு வட்டியையும் கழிக்கலாம். புதிய வரி முறையில் இருப்பவர்கள் வாடகை வரவைத் தாண்டிய வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, குடியிருக்கும் பகுதியின் வட்டிக்கும் சலுகை கிடையாது. "வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம்" என்று பழைய ஞாபகத்தில் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. "பத்திரத்தில் குறைத்து எழுதிக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகத் தாருங்கள்" என்று கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குறைத்து எழுதினால் வங்கிக் கடனும் குறையும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்தக் குறைந்த விலைதான் உங்கள் கொள்முதல் விலை. வித்தியாசம் முழுவதும் லாபமாகி வரியில் போகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், 1 சதவிகிதத்தைப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஐந்தாவது கையெழுத்து

பதினோரு வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் இரண்டாவது மாடிக்கு அனுமதியே இல்லை. "இந்தத் தெருவுல எல்லாருமே அப்படித்தான் மேடம் கட்டியிருக்காங்க" என்றார் புரோக்கர். இன்னொரு வீட்டை உரிமையாளர் வராமல் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் விற்கப் பார்த்தார். ஏரிக்குப் போகும் வாய்க்கால் மேலேயே காம்பவுண்ட் சுவர் எழுப்பிய வீடு ஒன்று. அதற்கு உள்ளேகூடப் போகவில்லை.

நாங்கள் வாங்கிய வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் இருந்தது. பல்லாவரம் நகராட்சி முத்திரையோடு மாடிக்கான வரைபடம், மடிப்பில் கிழிந்து, இருந்தது. முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழிலும் கடன், வழக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டின் உரிமையாளராக இருந்த பெரியவர் 1983-ல் மனையைச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறார். 2009-ல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். நான்கு பேரும் கையெழுத்துப் போடத் தயார். எங்களுக்குத் திருப்தி.

வக்கீல் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. வாரிசுச் சான்றிதழை விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "இதுல அஞ்சு பேர் இருக்கே. அஞ்சாவது யாரு?"

ஐந்தாவது பெயர் பெரியவரின் தாயார். மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மக்களைப் போலவே தாயும் முதல் வகுப்பு வாரிசு. சம பங்கு உண்டு. அந்தப் பாட்டி 2012-ல் காலமாகிவிட்டார். ஆகவே அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போய்விட்டது. அதில் இந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, பாட்டியின் மற்ற பிள்ளைகளும் வருகிறார்கள். விற்பவர்களின் சித்தப்பா ஒருவர், அத்தைகள் இரண்டு பேர்.

யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. விற்பவர்களுக்கே இது தெரியாது. அத்தைகளுக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் அப்படியே வாங்கியிருந்தால், பத்து வருஷம் கழித்து அவர்களில் யாருடைய பேரனோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்க முடியும். மூன்று பேரிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்ய மூன்று மாதம் பிடித்தது. இடையில் ஆடி வந்துவிட்டதால், ஆவணி வரை கிரயத்தைப் பற்றிப் பேசவே அவர்கள் தயாராக இல்லை. காத்திருந்தோம்.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்பது நல்ல வசதி. ஆனால் பதிவான விஷயம் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், கேட்கப்படாத தாயின் பங்கு, திருமணமாகிப் போன மகளின் உரிமை, இதெல்லாம் அதில் தெரியாது. பழைய வீடு வாங்குகிறவர்கள் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மழை காட்டிய வீடு

குடி வந்தபோது எங்கள் கையில் ரிப்பேருக்கென்று 9 லட்சம் இருந்தது. எனக்கு ஒரு பட்டியலும் இருந்தது: மாடிக்கு ஃபால்ஸ் சீலிங், ஹாலில் பெரிய டைல்ஸ், மாடுலர் கிச்சன், வெளியே புதிய கேட். வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தானே என்று நினைத்தேன். உயிருக்கு ஆபத்தானதை மட்டும் உடனே செய்தோம். மரப்பட்டிக்குள் ஓடிய நாற்பது வருஷ ஒயரிங்கில் எர்த் என்பதே இல்லை. கீழ்த்தளத்துக்கு முழுக்கப் புது ஒயர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஏ.சி.க்குத் தனி லைன். பிறகு மழை வந்தது.

மிக்ஜாமுக்குப் பிறகு, தெருவில் தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள் மேஸ்திரி வந்தார். கூரையில் இருந்த வட்டங்களைக் கழுத்து வலிக்க ஒவ்வொன்றாகப் படித்தார். எது முதலில் நனைந்தது, எது கடைசியில், எது வேகமாகப் பெருத்தது என்று நேரத்தை வைத்தே கண்டுபிடித்தார். பிறகு கரணையின் கைப்பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கான்கிரீட்டில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும் சத்தம், ஜன்னலோரம் வந்ததும் 'டொப்' என்று மாறியது. அந்த இடத்தை ஒரு கொத்து கொத்தினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் விழுந்தது. பின்னால் கம்பி தெரிந்தது, செம்மண் நிறத்தில், அடுக்கடுக்காக உரியும் துருவோடு. விரலால் தேய்த்தால் பொடியாகக் கொட்டியது.

மொட்டை மாடிக்குப் போனோம். பழைய வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் ஓடிப்போக ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதோ ஒழுகியிருக்கிறது. தட்டோட்டைக் கொத்தி எடுக்காமல், அதன் மேலேயே சிமென்ட் போட்டு இரண்டாவது அடுக்காக வேறு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். தளம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் பாதி புதைந்துவிட்டது. வாட்டமும் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மூலையில் தண்ணீர் குளம் கட்டி, டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் இரண்டு அடுக்குக்கும் நடுவில் வாரக்கணக்கில் தங்கி, கம்பியைத் தின்றிருக்கிறது. ஒழுகலை நிறுத்தச் செய்த வேலையே ஒழுகலை வளர்த்திருக்கிறது.

"மேல தண்ணி நிக்கறத சரி பண்ணாம கீழ என்ன பூசினாலும் வேஸ்ட்டு மேடம்" என்றார் மேஸ்திரி. "தண்ணிக்கு வாட்டம்தான் முக்கியம்."

என் பட்டியலை அன்றைக்கு அடித்துவிட்டு வேறு எழுதினேன். ஆனால் வேலையை உடனே ஆரம்பிக்கவில்லை. ஈரம் காய வேண்டும். கோடையும் பாக்கி இருந்தது.

கோடை காட்டியது வேறு. ஏப்ரல் மாதம் மதியம் மாடியில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. மேற்குச் சுவரில் கை வைத்தால் இரவு ஒன்பது மணிக்கும் சுட்டது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் இருபது நிமிஷம் ஓடினால் காற்று இழுத்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வரை தோல் பதனிடும் தொழில் பல தலைமுறை நடந்த மண். இந்தப் பகுதியில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது பல ஆய்வுகளில் பதிவானது. அதனால் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று முடிவு செய்தோம். குடிக்க உகந்ததல்ல, புழங்கலாம் என்று வந்தது. குடிதண்ணீருக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி என்று அப்போதுதான் திட்டம் போட்டோம். மழை நீரைக் கிணற்றுக்குத் திருப்பும் அமைப்பு இந்த வீட்டிலும் இருந்தது. 2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது போட்டது. திறந்து பார்த்தால் தொட்டி முழுக்க மண்ணும் பிளாஸ்டிக் கவரும். தூர்வாரி, புது ஜல்லியும் மணலும் போட்டோம்.

2024 மே கடைசியில் வேலை ஆரம்பித்து ஆடி முடியும் வரை நடந்தது. மொட்டை மாடியில் இரண்டு அடுக்கையும் கொத்தி எடுத்தார்கள். மூன்று லாரி ரப்பீஸ் போனது. மேஸ்திரி ரசமட்டக் குழாயைப் பிடித்து நூல் கட்டி, இரண்டு மூலைக்கும் வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போட்டார். மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸ். உள்ளே, 'டொப்' சத்தம் கேட்ட இடமெல்லாம் கம்பி தெரியும் வரை உடைத்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவை உரித்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, அதன் பிறகே புதுக் கலவை. இந்த நடுவேலையை விட்டுவிட்டு மேலே பூசி பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது. பாத்ரூம் தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்காப்புப் பூச்சு அடித்து, வாயிலை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். முதல் தடவை கீழே ஒரு சொட்டு இறங்கியது. மறுபடி பூசி, மறுபடி கட்டினோம். அந்தச் சொட்டை டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் எல்லாவற்றையும் உடைத்திருக்க வேண்டும்.

9 லட்சம் 12 ஆனது. மாடுலர் கிச்சன் இல்லை. கடப்பா அலமாரியும் கிரானைட் மேடையும்தான். கேட் பழையதுதான், பெயின்ட் அடித்தோம். எல்லா பில்லையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை விற்கும்போது லாபத்திலிருந்து கழிக்க அவை வேண்டும்.

மாடிப்படிக்கு மேலே வேறொரு குடும்பம்

வேலை பாதி நடக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். "எதுக்கும்மா கையைக் கடிச்சுக்கறே? மேல் போர்ஷனை எட்டு லட்சத்துக்கு லீஸுக்கு விடு. ரிப்பேர் செலவு வந்துடும்." மதுரைப் பக்கம் ஒத்தி என்று சொல்லும் அதே ஏற்பாடு. மொத்தமாக ஒரு தொகை, மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திருப்ப வேண்டும்.

நாங்கள் செய்யவில்லை. அந்த எட்டு லட்சம் சுருக்கியிலும் டைல்ஸிலும் போய்விடும். மூன்று வருஷம் கழித்து அவர் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? இன்னொருவரை லீஸுக்குப் பிடித்து இவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த இன்னொருவர் கிடைக்காத மாதத்தில் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் நடுத்தெருவில் நிற்கும். அதோடு, வீட்டின் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. நாங்கள் தவணை கட்ட முடியாமல் போனால் முதல் உரிமை வங்கிக்கு. லீஸுக்கு வந்தவர் கையில் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள் மட்டும்தான் இருக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ சிறிய குடும்பங்களின் பணம் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறது. கடனில் இருக்கும் வீட்டை லீஸுக்கு விடுவது சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாடகைக்குத்தான் விட்டோம். தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தே பழகியவர்களுக்கு இது இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. நாங்கள் மூன்று மாதம்தான் வாங்கினோம். வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும். சுவர், ஒயரிங், குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சின்னப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு.

மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கினோம். பல வீடுகளில் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலிக்கிறார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-லிருந்து அரசு தருகிறது. வாடகைக்கு இருப்பவரிடம் அதைப் பறித்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? நான் வாடகைக்கு இருந்த காலத்தில் யூனிட்டுக்கு 9 ரூபாய் கொடுத்திருக்கிறேன். மாதக் கடைசியில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் படுத்த இரவுகள் ஞாபகம் இருக்கின்றன.

குரோம்பேட்டையில் வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலை முழுக்க மருத்துவமனைகளும் கடைகளும் இருக்கின்றன. பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆளுங்களுக்குக் குடுப்பீங்க? வெஜ் ஒன்லியா?" அந்தக் கேள்வியை நான் மறுமுனையிலிருந்து கேட்டவள். பெயரைச் சொன்னதும் "வீடு போயிடுச்சேம்மா" என்று சொல்லப்பட்ட தோழிகளோடு வீடு தேடி அலைந்தவள். மாதம் பிறந்தால் வாடகை தரக்கூடியவரா, வீட்டை வீடாக வைத்துக்கொள்பவரா, இந்த இரண்டைத் தவிர வேறெதையும் விசாரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். என்ன சமைக்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், விருந்தாளி எத்தனை நாள் தங்குகிறார் என்பதெல்லாம் மாடிப்படிக்கு மேலே நடக்கும் அவர்கள் வாழ்க்கை. படிக்கட்டை வெளிப்பக்கமாகவே வைத்திருந்த பழைய உரிமையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். யார் வருகிறார், எப்போது வருகிறார் என்று எங்கள் வாசல் கேட்காது.

ஆடியில் யாரும் குடி வர மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண், அவர் கணவர், பள்ளிக்கூடம் போகும் மகன். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, மராமத்துக்கு முன் எடுத்த படங்களையும் செல்போனில் காட்டினேன். வட்டங்கள், உரிந்த கம்பி, எல்லாம். வாடகைக்கு வருகிறவரிடம் இதையெல்லாமா காட்டுவாய் என்று என் கணவருக்கே சங்கடம். எங்கே பழுது இருந்தது என்று தெரிந்தால்தானே அவர்களும் அங்கே ஒரு கண் வைப்பார்கள்?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து விடாத மழை. நாங்கள் இரண்டு பேரும் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து மாடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வெளியே, மூலைக் குழாய் வழியாகத் தண்ணீர் கிணற்றுத் தொட்டிக்குள் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. நாலு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டுப் பையன், தலையில் டவலோடு.

"ஆன்ட்டி, அம்மா பென்சில் கேட்டாங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு நானே ஏறிப் போனேன். பெட்ரூம் ஜன்னலின் கீழ் மூலையில், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். கூரையில் எங்கும் ஒன்றுமில்லை. அந்தப் பெண் ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தார்.

"ஜன்னல் இடுக்குலேர்ந்துதான் வருது அக்கா, மேலேர்ந்து இல்ல" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை வாங்கி, சின்னதாக ஒரு வட்டம் போட்டு, உள்ளே தேதியை எழுதினார். பிறகு கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து நேரத்தையும் எழுதினார்.